ரயில் நின்ற நேரம்

கிங்ஸ்ரன், கனடா
12.03.2000

அன்புள்ள யாகப்பு அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமென்றுதான் எழுதுவீர்கள். காய்ச்சலில் கிடந்தாலும் அப்படித்தான் எழுதுவீர்கள். ஆகவே உங்கள் சுகத்தை அந்தோனியம்மா அண்ணியிடம் கேட்டுக்கொள்கிறேன், அவ உண்மை சொல்லுவா.

ஒரு புதினம். எட்டு வருடமாக மின்நிலையங்களுக்கு வாயு டர்பைன் செய்துகொண்டிருந்த என்னைப் போன மாதம் வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அதே டர்பைனை ரயில் எஞ்சினுக்குள் வைக்கிறோம். சிரிக்காதீர்கள். ஆகாய விமானத்தில் இருக்கிறதே, அதே சாதிதான். காற்றை இழுத்து நெருக்கி, எண்ணெயை எரித்து, அந்தச் சூட்டுக் காற்றால் விசிறியைச் சுழற்றும். விசிறி மின்சாரம் தரும், மின்சாரம் சில்லை உருட்டும். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கொதிக்கிற தண்ணீர்த் தாங்கியும் இல்லை. அதே பலமுள்ள டீசல் எஞ்சினின் நிறையில் கால்வாசிகூட வராது. மண்ணெண்ணெய் ஊற்றினாலும் ஓடும்.

பதினாறு வருடம் யாழ்ப்பாணப் பாதையில் டீசல் எஞ்சின் ஓட்டியவர் நீங்கள். தொண்ணூறில் பாதை மூடியபிறகும் விடாமல், குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் நடுவே வள்ளத்து டீசல் எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். உங்களுக்கு இந்தச் செய்தி கசக்கும் என்று தெரியும். இருந்தாலும் டீசலின் காலம் முடிகிறது என்று உங்களுக்கு அறிவிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. என்ன செய்ய?

பாதைக்கு மேலே மின்கம்பி இழுக்க வசதியில்லாத நாடுகளுக்கு இதை விற்கலாம் என்பது கம்பனியின் எண்ணம். அப்படியான பாதை ஒன்று எனக்குத் தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு நாள் என் எஞ்சின் யாழ்ப்பாணம் வரும். நீங்கள் மேடையில் நின்று கை காட்ட வேண்டும்.

அண்ணிக்கு என் முத்தங்கள்.

உங்கள் தங்கச்சி
ஜோசப்பின்

---

கரம்பொன், ஊர்காவற்றுறை
28.05.2000

அன்புத் தங்கச்சி ஜோசப்பின் அறிவது,

தேவமாதா உன்னைக் காப்பா. நான் சுகம். அண்ணி சொல்கிறபடி முழங்கால் மட்டும் சுகமில்லை.

உன் கடிதம் பத்துக் கிழமை பிரயாணம் செய்து, யாரோ பிரித்துப் படித்து, திரும்ப ஒட்டி, கையில் வந்து சேர்ந்தது. படித்தவருக்கு டர்பைன் விளங்கியதோ தெரியாது. இங்கே யானையிறவுப் பக்கம் நடந்த சண்டையின் சத்தம் தீவு வரைக்கும் கேட்டது. மண்டைதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு நாள் ஒருவரையும் விடவில்லை. வள்ளத்துக்கு டீசல் கிடைப்பது பெரும்பாடு. அதுவும் கிடைத்த நாளில் ஓடுகிறோம்.

நீ ரயில் அனுப்பப் போகிறாயாம். தண்டவாளம் எங்கே, தங்கச்சி? அது பங்கருக்குக் கூரையாகப் போய் வருடக் கணக்காகிறது. சிலிப்பர் கட்டை ஒன்றை நம்முடைய ஆள் ஒருவன் மாட்டுக்கொட்டிலுக்கு நிலையாக வைத்திருக்கிறான்.

இன்னொன்றும் கேள். நான் ஓட்டியது கனடாவின் எஞ்சினைத்தான். ஐம்பதுகளில் எஞ்சின்களில் உன் நாட்டு மாகாணங்களின் பெயர்களை எழுதி அனுப்பினார்கள். நீ அந்த நாட்டைக் காண்பதற்கு முன்னமே அவர்களுடைய ஒன்ராறியோவைக் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோய் வந்தவன் நான். அவ்வளவு இலகுவாக என் டீசலுக்குச் செத்தவீடு கொண்டாடாதே.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உன் டர்பைன் சும்மா நிற்கும்போது எவ்வளவு குடிக்கும்?

ஏன் கேட்கிறேன் என்றால், பொல்காவலை தாண்டினால் ஒற்றைப் பாதை. எதிரே வருகிற ரயில் வந்து விலகும்வரை நாங்கள் ஸ்ரேசனில் நிற்க வேண்டும். அரை மணித்தியாலமும் நிற்போம், ஒரு மணித்தியாலமும் நிற்போம். அந்த நேரத்தில் எஞ்சினை அணைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அணைத்து, அது திரும்ப எழும்பாவிட்டால் இரண்டு பக்கமும் பாதை மறிபடும். சாரதியின் மானம் போகும். ஆகவே டீசல் முனகிக்கொண்டே நிற்கும், நின்றபடி கொஞ்சமாய்க் குடிக்கும். உன்னுடையது எப்படி?

இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றப் புதினங்களைப் பிறகு பார்ப்போம்.

அண்ணன்
யாகப்பு

---

கிங்ஸ்ரன்
02.10.2000

அன்புள்ள அண்ணைக்கு,

முழங்காலுக்கு அண்ணியின் கையால் நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வாய்க்கு மருந்து இந்த நாட்டிலும் இல்லை.

எங்கள் எஞ்சின் ஓடிவிட்டது! போன வியாழன், சோதனைப் பாதையில், மணிக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேலே. நான் உள்ளே இருந்தேன். மேசையில் வைத்த தேநீர் சிந்தவில்லை. உங்கள் எஞ்சின் அறைக்குள் ஒரு தடவை கூட்டிப்போனீர்களே, இறங்கியபிறகும் என் பல் ஆடிக்கொண்டிருந்தது.

நிற்கும்போது எவ்வளவு குடிக்கும் என்ற கேள்வியை நான் மறக்கவில்லை. டீசலை விடக் கூடத்தான் குடிக்கும். முழு வேகத்தில் குடிப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அண்ணை, ரயிலைச் செய்வது ஓடுவதற்கு, நிற்பதற்கு அல்ல. உங்கள் திணைக்களத்தின் பழைய நேர அட்டவணை ஒன்றை எடுப்பித்துப் பார்த்தேன். கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை யாழ்தேவி ரயில் நிற்கும் நேரம் எல்லாமாக நாற்பத்தைந்து நிமிடம். அதைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் டர்பைனும் டீசலும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் என்னுடையது ஒன்றரை மணித்தியாலம் முன்னதாகப் போய்ச் சேரும்.

நீங்கள் இப்படிக் குறுக்கே கேள்வி கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் பேராதனையில் இயந்திரப் பொறியியல் எடுத்தபோதும் இதே குரலில்தான் கேட்டீர்கள். "பொம்பிளைப் பிள்ளைக்கு எஞ்சின் எதுக்கு?" நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்பதாக இல்லை.

பாசமுள்ள, பிடிவாதமான
ஜோசப்பின்

---

கரம்பொன்
21.07.2002

அன்புத் தங்கச்சிக்கு,

பாதை திறந்து, சண்டை நின்று, கடிதங்கள் இப்போது இரண்டு கிழமையில் வருகின்றன. தொலைபேசிக் கடையும் ஊர்காவற்றுறையில் வந்துவிட்டது. ஆனால் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க உன்னோடு சண்டை பிடிக்க என்னால் ஏலாது. ஆகவே எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீ அறிவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும்.

யாழ்ப்பாணப் பாதையைத் திரும்பப் போடக் கேட்டு ஒரு குழு இருக்கிறது. செயலாளர் ஓய்வுபெற்ற வாத்தியார் பரராசசிங்கம். பழைய எஞ்சின் சாரதி என்று என்னையும் சேர்த்திருந்தார்கள். போன ஞாயிறு யாழ்ப்பாணத்தில் கூட்டம். மண்டபத்தில் கதிரை போதாமல் சனம் சுவரோடு நின்றது. கொழும்பிலிருந்து உங்கள் கம்பனிக்காக ஒருவர் வந்து, திரையில் படம் காட்டினார். வெளிநாடு ஒன்று உதவி தருமாம். டர்பைன் ரயில் எடுப்பதென்றால் பாதையும் சேர்த்துப் போட்டுத் தருவார்களாம். இரண்டு வருடத்தில் ரயில் வருமாம். பிறகு அவர் சொன்னார், "இந்த எஞ்சினுக்கு எரிபொருள் கணக்குப் பார்த்தவர் வேறு யாருமில்லை, உங்கள் ஊர்காவற்றுறைப் பெண்தான்." சனம் கை தட்டியது. நானும் தட்டினேன். மனம் நிறையத்தான் தட்டினேன், நம்பு.

தட்டி முடிந்ததும் எழும்பினேன்.

"ஐயா, இது ஒரு இடத்தில நிக்கேக்கை எவ்வளவு குடிக்கும்?"

"அட்டவணையின்படி நிக்கிற நேரம் மிகக் குறைவு."

"நான் அட்டவணையைக் கேக்கேல்லை. பதினாறு வருசம் அந்தப் பாதையில எஞ்சின் ஓட்டினனான். அட்டவணைப்படி ஒரு நாளும் போய்ச் சேந்தது கிடையாது."

"கணக்குப் பார்த்தவர் பெரிய இஞ்சினியர், ஐயா."

"ஓம், தெரியும். அவ என்ர தங்கச்சி. கணக்குப் பிழை."

மண்டபம் சிரித்தது. பரராசசிங்கம் வாத்தியார் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "இரும் காணும், வாற சீதேவியைக் காலால தள்ளாதையும்" என்றார். நான் இருக்கவில்லை. கேள்விக்குப் பதில் வரும்வரை நின்றேன். பதில் வரவில்லை, தேநீர் வந்தது.

நடந்தது இதுதான். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

அண்ணன்
யாகப்பு

---

கிங்ஸ்ரன்
19.08.2002

அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னமே எனக்குத் தெரியும். கூட்டத்து அறிக்கை கொழும்பிலிருந்து இங்கே வந்துவிட்டது. எங்கள் மேலாளர் அதை எல்லோருக்கும் முன்னால் வாசித்துவிட்டு, "வீட்டிலேயே சம்மதம் வாங்க முடியவில்லையா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்த மேசையில் ஒன்பது ஆண்கள். ஒன்பது பேரும் சிரித்தார்கள்.

பன்னிரண்டு வருடமாக இந்த நாட்டில், என் நிறத்தையும் என் பெண்மையையும் கடந்து கணக்கை மட்டும் பார்க்கச் செய்தேன். அதை நீங்கள் ஒரு வசனத்தில் முடித்துவிட்டீர்கள். பிழை என்று எனக்கு எழுதியிருக்கலாம். ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் சொல்லத் தேவையில்லை. "என் தங்கச்சி" என்று உரிமை கொண்டாடிவிட்டுச் சொல்லவும் தேவையில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்களுக்கு எண்ணெயைப் பற்றிக் கவலையில்லை. உங்களுக்குத் தெரியாத ஓர் எஞ்சின் உங்களுடைய பாதையில் வரப்போகிறது, அதைச் செய்தவள் உங்கள் வீட்டுப் பெண், அதுதான் பொறுக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணம் ரயில் இல்லாமல் கிடக்கிறது. அதைக் கொண்டுவருகிற வழியில் நீங்கள் குறுக்கே நிற்கிறீர்கள்.

கணக்கு சரி. இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

மேரிஜோசப்பின்

---

கரம்பொன்
15.09.2002

தங்கச்சிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

பொம்பிளைப் பிள்ளைக்கு எஞ்சின் எதுக்கு என்று கேட்டேன், அது உண்மை. அது மடைத்தனமான கேள்வி. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். கூட்டத்தில் எழும்பியதற்குக் கேட்க மாட்டேன்.

இத்தோடு மூன்று கொப்பிகளைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ரயில் பிந்தினால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதற்காக ஒவ்வொரு சாரதியும் சட்டைப்பையில் ஒரு கொப்பி வைத்திருப்பான். எந்த ஸ்ரேசனில் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று அன்றன்றே எழுதுவான். எழுதாதவன் மாட்டுப்படுவான். என்னிடம் பதினொரு கொப்பி இருந்தன. தீவை விட்டு ஓடியபோது அண்ணி உடுப்பு மூட்டைக்குள் வைத்த மூன்றுதான் தப்பின. எண்பத்தாறு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது.

நாற்பத்தைந்து நிமிடம் என்று எழுதினாயே. கொப்பியைத் திறந்து நீயே கூட்டிப் பார்.

நீ சொன்னபடி எனக்குப் பொறாமை இருக்கிறதோ என்று மூன்று நாள் யோசித்தேன். கொஞ்சம் இருக்கிறது. அதனால் கொப்பி பொய்யாகிவிடாது.

யாகப்பு

---

கரம்பொன்
20.12.2002

அன்புத் தங்கச்சி ஜோசப்பின்,

கொப்பிகள் கிடைத்தன என்று தபால் கந்தோர் சொல்கிறது, நீ சொல்லவில்லை. நத்தாருக்கு அண்ணி பயற்றம் பணியாரம் சுட்டு ஒரு பொதி அனுப்புகிறா. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை என்று உனக்கு எழுதச் சொன்னா. நத்தார் முடியும்வரை என்னோடு பேச மாட்டாவாம். உனக்காகத்தான்.

பிறக்கிற தேவபாலன் உனக்குச் சமாதானம் தரட்டும். எனக்குப் பதில் தரட்டும்.

யாகப்பு

---

கிங்ஸ்ரன்
09.03.2003

அன்புள்ள அண்ணைக்கு,

பணியாரம் உடையாமல் வந்தது. அண்ணிக்கு நன்றி. உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை மாதம் பேசாமல் இருந்தேன்.

கொப்பிகளை ஒக்ரோபரிலேயே பிரித்தேன். உங்கள் பிழையைக் கண்டுபிடித்து அனுப்புவதற்காகத்தான் பிரித்தேன். ஒவ்வொரு பக்கமாக, அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டங்களைக் கணினியில் ஏற்றினேன். ஓர் ஓட்டத்துக்கு யாழ்தேவி நின்ற நேரம் சராசரி மூன்று மணித்தியாலம் பத்து நிமிடம். அதைப் போட்டால் என் டர்பைன் உங்கள் டீசலைவிட அறுபது சதவீதம் அதிகமாகக் குடிக்கிறது. வவுனியா வெயிலின் சூடு அதன் பலத்தை வேறு குறைக்கிறது. நான் இதைப் பார்த்து ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

ஆனால் பொறுங்கள், சந்தோசப்படாதீர்கள். உங்கள் பிழையும் கிடைத்தது. எண்பத்தொன்பதில் வவுனியாவில் ஒரு மணித்தியாலம் நின்றது எதற்காக? எதிர் ரயிலுக்காக அல்ல. சனத்தை இறக்கிச் சோதிப்பதற்காக. மூன்று கொப்பியும் சண்டைக் காலத்துக் கொப்பி, அண்ணை! நீங்கள் காரணம் எழுதாததால், எதிர் ரயில் விலகாத ஸ்ரேசன்களைப் பழைய அட்டவணையோடு ஒத்துப்பார்த்துப் பிரித்தேன். நின்ற நேரத்தில் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் ஆமி சோதனை. அதைக் கழித்தால் மீதி ஒரு மணி நாற்பத்தைந்து. அப்போதும் என் டர்பைன் தோற்கிறது, ஆனால் முப்பது சதவீதத்தால். நீங்களும் பிழை, நானும் பிழை. உங்கள் பிழை என்னுடையதைவிடச் சின்னது, அவ்வளவுதான்.

மேலாளரிடம் இரண்டு கணக்கையும் கொண்டுபோனேன். அட்டவணைக் கணக்கை மட்டும் வைக்கச் சொன்னார். உதவி தருகிற நாடு கேட்டது அட்டவணையைத்தானாம், ஒரு சாரதியின் சட்டைப்பைக் கொப்பியை அல்லவாம். இறுதி அறிக்கையில் எரிபொருள் பகுதிக்குக் கையெழுத்து என்னுடையது. மே மாதம் முடிவதற்குள் போட வேண்டும். போட்டால் உங்கள் பாதை வரும். போடாவிட்டால் வராது.

எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

ஜோசப்பின்

---

கரம்பொன்
06.04.2003

அன்புத் தங்கச்சிக்கு,

புத்தி சொல்லவில்லை. ஆனால் ஆமி சோதனையைக் கழித்ததற்குச் சண்டை பிடிக்காமல் விடமாட்டேன். ஏன் நிற்கிறோம் என்று எஞ்சினுக்குத் தெரியுமா? எதிர் ரயிலுக்காக நின்றாலும் சோதனைக்காக நின்றாலும் எண்ணெய் எரிந்தது எரிந்ததுதான். எங்களுக்குச் சோதனையில்லாத காலம் எது, நீயே சொல்லு? இப்போது சமாதானம் என்கிறார்கள். மண்டைதீவில் இன்றைக்கும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகிறேன்.

சரி, உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நல்ல காலத்து நின்ற நேரம் தெரியாமல் நல்ல காலத்துக்கு எஞ்சின் செய்ய முடியாது. அது என்னிடம் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

நீயும் என் நிலைமையைத் தெரிந்துகொள். பரராசசிங்கம் வாத்தியார் போன கிழமை வீட்டுக்கு வந்தார். அண்ணி கதிரை போட்டா, இருக்கவில்லை. திட்டம் சரிவந்தால் சாரதிகளைப் பழக்குகிற வேலை எனக்குத்தானாம், இஞ்சினியரின் அண்ணன் என்றபடியால். "தங்கச்சிக்கு ஒரு சொல்லு எழுதும். ஒரு கையெழுத்து. பதின்மூண்டு வருசம் சனம் காத்துக்கொண்டு இருக்குது" என்றார். அழுதுவிடுவார்போல இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. கண் தெரியாத மனைவியை மருந்துக்காகக் கொழும்புக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவர். எனக்கும் ஆசையில்லை என்று நினைக்காதே. எஞ்சினில் ஏறி யாழ்ப்பாண ஸ்ரேசனுக்குள் நுழைகிற கனவு எனக்குக் கிழமைக்கு இரண்டு தடவை வருகிறது.

பழைய சாரதிகளைத் திரும்ப வரச் சொல்லி அனுராதபுரம் எஞ்சின் கொட்டகையிலிருந்தும் கடிதம் வந்தது. வவுனியா வரைக்கும் ஓடுகிற ரயிலுக்கு ஆள் போதாதாம். யாழ்ப்பாணத்துக்கு ஓடாத ரயிலில் எனக்கு என்ன வேலை என்று எழுதிவிட்டேன்.

நீ கையெழுத்துப் போட்டால் உன்னோடு இனிக் கதைக்க மாட்டேன் என்று எழுதத்தான் இன்று பேனாவை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை. போட்டாலும் நீ என் தங்கச்சிதான். ஆனால் அடுத்த கூட்டத்திலும் எழும்பி, பிழை என்றுதான் சொல்லுவேன். அதை யாரும் தடுக்க ஏலாது.

அண்ணன்
யாகப்பு

---

கிங்ஸ்ரன்
11.06.2003

அன்புள்ள அண்ணைக்கு,

போடவில்லை.

கடைசிக் கிழமையில் மேலாளர் இறங்கி வந்தார். சோதனை நேரத்தைக் கழித்த கணக்கை மட்டும் பின்னிணைப்பில் சின்ன எழுத்தில் வைக்கலாம், ஆனால் கொப்பிகளைப் பற்றியோ சாரதியைப் பற்றியோ ஒரு சொல்லும் வரக்கூடாது என்றார். கொப்பியைச் சொல்லாவிட்டால் இலக்கம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கலாம், அப்போது அதை இலகுவாகத் தூக்கி எறியலாம். எனக்கு அது விளங்கியது. எனக்கு விளங்கிவிட்டது என்பது அவருக்கும் விளங்கியது.

ஆகவே நானே ஓர் அறிக்கை எழுதினேன். மூன்று கணக்கும் அதில் இருக்கிறது: அட்டவணைக் கணக்கு, சோதனையைக் கழித்த கணக்கு, கழிக்காத கணக்கு. முதல் பக்கத்தில் இரண்டு பெயர். மேரிஜோசப்பின், பொறியியலாளர். யாகப்பு, எஞ்சின் சாரதி. உதவி தருகிற நாட்டுக்கும், கொழும்புக்கும், உங்கள் குழுவுக்கும் என் கையாலேயே தபாலில் சேர்த்தேன். சேர்த்துவிட்டு வந்து மேலாளரிடம் சொன்னேன். பின்னேரம் மூன்று மணிக்கு என் மேசையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவர் மட்டும் பெட்டியைத் தூக்கிக் காருக்கு வந்தார். அவர் அன்றைக்குச் சிரித்தவர்தான்.

அழுதேன், பொய் எதற்கு? ஆனால் வெட்கத்தால் அழவில்லை, ஆத்திரத்தால் அழுதேன். டர்பைன் கெட்ட எஞ்சின் இல்லை, அண்ணை. நிற்கும்போது அணைத்துவிட்டு, ஒரு பெரிய பற்றரியால் உடனே எழுப்ப முடியுமென்றால் அது உங்கள் டீசலோடு மல்லுக்கட்டும். எழும்புமோ என்று சாரதி பயப்படாத அளவுக்கு அது எழும்ப வேண்டும். அதைச் செய்யலாம். ஆனால் என்னிடம் இனி மேசையும் இல்லை, நல்ல காலத்து நின்ற நேரமும் இல்லை. ஒரு மின்நிலையத்தில் பழைய வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். களைத்துவிட்டேன், போய்விடலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் பாதையை நான் நிற்பாட்டிவிட்டேன். அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உங்களிடமிருந்து பழகியதுதான்.

உங்கள் தங்கச்சி
ஜோசப்பின்

---

கரம்பொன்
20.07.2003

என் அன்புத் தங்கச்சி ஜோசப்பினுக்கு,

உன் அறிக்கை குழுவுக்கு வந்தது. கூட்டத்தில் பரராசசிங்கம் வாத்தியாரே அதை வாசித்துத் தமிழில் சொன்னார். "யாகப்பு, எஞ்சின் சாரதி" என்ற இடத்தில் கோபத்தில் தாளை மேசையில் அடித்துவிட்டுத் தொடர்ந்தார். உதவி தருகிற நாடு திட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டதாம். என்னைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒருவர் எழும்பிச் சொல்ல, கை உயர்த்தச் சொன்னார்கள். எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

வெளியே வாத்தியார் என்னை மறித்தார்.

"உம்மடை வாயால எங்கடை ரெயின் போச்சு, யாகப்பு."

"ஓம் வாத்தியார், போச்சு. வந்து ரெண்டு வருசத்தில எண்ணெய்க்கு வழியில்லாமல் நிண்டிருந்தா, பிறகு இந்தப் பாதைக்கு ஒரு எஞ்சினும் ஒருத்தனும் தரான். உங்களுக்கு அது விளங்கும். இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு விளங்கும்."

"சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"உண்மையைச் சொல்லுங்கோ. சனம் இதைவிடக் கூடக் கேட்டிருக்கு."

அடுத்த நாள் நயினாதீவுக்குப் போக வந்த வாத்தியார் என் வள்ளத்தில் ஏறாமல் அடுத்த வள்ளம் வரும்வரை வெயிலில் நின்றார். நானும் கூப்பிடவில்லை. எங்கள் இருவருக்கும் பிடிவாதம் பொது.

வேலை போனதற்கு நான் காரணம் என்று ஒரு நாளும் நினைக்காதே. நினைக்கவும் மாட்டாய், எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடாதவள் நீ. அன்று இரவு அண்ணிக்கு அறிக்கையின் முதல் பக்கத்தைக் காட்டினேன். அவ என் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சேந்து ஊரைப் பகைச்சுப் போட்டியள்" என்றா. சந்தோசமாகத்தான் சொன்னா. உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதினால் நீ கேலி பண்ணுவாய். பண்ணு. எழுதிவிட்டேன்.

இப்போது நீ களைத்துவிட்டேன் என்று எழுதியதற்கு வருகிறேன். அதை நான் ஏற்கமாட்டேன். நான் உன் டர்பைனை நிற்பாட்டச் சொன்னேனா? கணக்குப் பிழை என்றேன். பிழையான கணக்கைத் திருத்துவதற்கும் எஞ்சினை மூடிவைப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவளா நீ?

நல்ல காலத்து நின்ற நேரம் இல்லை என்கிறாய். சரி. அனுராதபுரத்துக்கு நான் போட்ட பதிலைக் கிழித்துப்போடச் சொல்லி இன்னொரு கடிதம் போட்டேன். முழங்காலைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து கொழும்பு, வவுனியா ஓட்டம். ஐம்பதை எட்டப்போகிறவன், சிங்கள ஊரில், ஒரு அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடப் போகிறேன். அண்ணி வள்ளத்துச் சொந்தக்காரரோடு உள்ள கணக்கைத் தீர்த்துவிட்டுப் பின்னால் வருவதாகச் சொல்கிறா. ஊரில் சிலர், ரயிலையும் கெடுத்துவிட்டுத் தான் மட்டும் ரயிலேறப் போகிறான் என்கிறார்கள். சொல்லட்டும்.

ஒரு வருடம் தா. மழைக்காலமும் கோடைகாலமும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்ரேசனிலும் எத்தனை மணிக்கு நின்றது, எதற்காக நின்றது, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று எழுதுவேன். இந்த முறை காரணத்தையும் எழுதுவேன், நீ அதைச் சொல்லித்தான் என்னை மடக்கினாய். மாதாமாதம் பிரதி எடுத்து அனுப்புவேன். நீ அந்த மின்நிலையத்துக்குப் போ, சாப்பிட வேண்டுமே. ஆனால் பின்னேரங்களில் பற்றரியைப் போட்டுக் கணக்கைத் திரும்பத் தொடங்கு.

நான் டீசல்காரன், அதில் மாற்றமில்லை. உன் டர்பைன் தோற்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் தோற்பதானாலும் அது சரியான இலக்கத்தோடு ஓடித் தோற்கட்டும். வென்றால், அதையும் நானே எழும்பி நின்று சொல்லுவேன், எந்த மண்டபத்திலும்.

இனிக் கடிதத்தை அனுராதபுரம் எஞ்சின் கொட்டகை விலாசத்துக்குப் போடு. பெயருக்குக் கீழே எஞ்சின் சாரதி என்று எழுது, அங்கே அப்படித்தான் தெரியும்.

அண்ணன்
யாகப்பு
எஞ்சின் சாரதி